சிறுத்தைப் புள்ளிப் பூனை வாங்கப் போகிறீர்களா?

தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்புறம் ஒரு தெரு. அந்தத் தெருவில் ஒரு மாடி வீடு. அங்கே சென்ற மாதம் பெரிய விவாதம் ஒன்று நடந்தது.

விவாதம் சொத்தைப் பற்றியது அல்ல. கல்யாணத்தைப் பற்றியதும் அல்ல. ஒரு பூனைக்குட்டியைப் பற்றியது!

அந்த வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் இருக்கிறாள். அவள் அப்பாவின் செல்போனில் ஒரு படம் பார்த்தாள். உடம்பு முழுவதும் சிறுத்தைக்கு இருப்பது போன்ற புள்ளிகள். பச்சைக் கண்கள். பட்டுத் துணிபோல மின்னும் ரோமம். படத்துக்குக் கீழே, "பெங்கால் பூனைக்குட்டி. வயது 35 நாள். முன்பணம் அனுப்பினால் வீட்டுக்கே கொண்டு வந்து தரப்படும்" என்று எழுதியிருந்தது.

"அப்பா, எனக்கு இதுதான் வேண்டும்" என்றாள் பெண்.

"தெருப் பூனைக்கு ஒரு கரண்டி பால் ஊற்றினால் தானே வந்து மடியில் படுத்துக் கொள்ளும். அதற்குப் போய் லட்ச ரூபாயா?" என்றார் பாட்டி.

அப்பா இரண்டு பக்கமும் பேசவில்லை. நம்மிடம் வந்தார். "நாலு இடத்தில் விசாரித்துச் சொல்லுங்கள், சார். ஏமாந்து போகக் கூடாது. குட்டியும் வந்த மறுநாள் செத்துப் போகக் கூடாது. குழந்தை தாங்க மாட்டாள்" என்றார்.

விசாரித்தோம். தெரிந்ததை எல்லாம் அவருக்குச் சொன்னோம். உங்களுக்கும் சொல்கிறோம்.

பெயர்தான் பெங்கால்!

பெங்கால் பூனை என்றதும் அது கல்கத்தாவிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது பிறந்த இடம் அமெரிக்கா.

ஆசியாவின் காடுகளில் சிறுத்தைப் பூனை என்று ஒரு சின்னக் காட்டு மிருகம் உண்டு. வீட்டுப் பூனை அளவுதான் இருக்கும். உடம்பில் மட்டும் சிறுத்தையின் புள்ளிகள். நம் மேற்குத் தொடர்ச்சி மலைகளிலும் இருக்கிறது. இமயமலை அடிவாரத்திலும் இருக்கிறது. விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயர் 'பிரியோனைலுரஸ் பெங்காலென்சிஸ்'. அந்தப் பெயரின் வாலைப் பிடித்துத்தான் பெங்கால் பூனை என்ற பெயர் வந்தது.

ஜீன் மில் என்று ஓர் அமெரிக்கப் பெண்மணி. அவர் ஒரு சிறுத்தைப் பூனையை வளர்த்து வந்தார். அது தனியாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு, ஒரு கறுப்பு வீட்டுப் பூனையைத் துணைக்கு விட்டார். காட்டு மிருகமும் வீட்டு மிருகமும் சேரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் 1963ல் குட்டி பிறந்தது!

பிறகு அந்த அம்மாளின் கணவர் இறந்து போனார். வேலை நின்றது. பல ஆண்டுகள் கழித்து, 1980ல், டாக்டர் சென்டர்வால் என்ற விஞ்ஞானி மூலம் மறுபடி தொடங்கியது. அவர் பூனைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயை ஆராய்ந்து கொண்டிருந்தார். அதற்காகச் சிறுத்தைப் பூனையையும் வீட்டுப் பூனையையும் சேர்த்துக் கலப்புக் குட்டிகளை உண்டாக்கியிருந்தார். ஆராய்ச்சி முடிந்ததும் குட்டிகளுக்கு வீடு வேண்டுமல்லவா? சிலவற்றை ஜீன் மில் வாங்கிக் கொண்டார்.

டில்லி மிருகக்காட்சிசாலைப் பூனை

இதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

1982ல் ஜீன் மில் இந்தியா வந்தார். டில்லி மிருகக்காட்சிசாலைக்குப் போனார். அங்கே காண்டாமிருகம் அடைத்திருந்த இடத்தில் ஒரு பூனை சுற்றிக் கொண்டிருந்தது. யாரும் வளர்த்த பூனை அல்ல. தெருப் பூனை! ஆனால் தங்க நிறம். மேலே கரும்புள்ளிகள். வெயில் பட்டால் ரோமம் பொடிப்பொடியாக மின்னியது.

அந்தப் பூனையை அமெரிக்காவுக்குக் கொண்டு போனார்கள். 'மில்வுட் டோரி ஆப் டெல்லி' என்று பெயர் வைத்தார்கள். இன்று பெங்கால் பூனையின் ரோமம் மின்னுகிறது என்று சொல்லிப் பணம் கேட்கிறார்களே, அந்த மினுமினுப்பில் பெரும் பங்கு இந்த டில்லித் தெருப் பூனை கொடுத்தது!

இந்தச் சேதியை அந்த வீட்டுப் பாட்டியிடம் சொன்னோம். "நான் சொல்லவில்லையா?" என்றார் அவர்.

'டிக்கா' என்று அமெரிக்காவில் ஒரு பூனைச் சங்கம் இருக்கிறது. வம்சாவளிப் பூனைகளுக்குப் பதிவேடு வைத்திருக்கும் சங்கம். 1983ல் அது பெங்கால் பூனையைப் பதிவு செய்ய ஆரம்பித்தது. 1991ல் போட்டிகளில் பரிசுக்கு நிற்க அனுமதித்தது. ஜீன் மில் 2018ல் காலமானார்.

எள்ளுப் பாட்டி கணக்கு

விற்பவர்களில் சிலர், "இது எப்-1 குட்டி, எப்-2 குட்டி" என்று பெருமையாகச் சொல்வார்கள். அது என்ன கணக்கு?

கணக்கு எளிது. குட்டியைப் பெற்றவர்களில் ஒன்று காட்டுச் சிறுத்தைப் பூனை என்றால், அந்தக் குட்டி எப்-1. பாட்டி காட்டுப் பூனை என்றால் எப்-2. கொள்ளுப் பாட்டி என்றால் எப்-3. எள்ளுப் பாட்டி என்றால் எப்-4.

முதல் மூன்று தலைமுறைப் பூனைகளிடம் காட்டுக் குணம் போகாது. ஆளைக் கண்டால் ஒளியும். மணல் தட்டில் போகாமல் மெத்தையில் போகும். அந்தத் தலைமுறை ஆண் பூனைகளுக்குப் பெரும்பாலும் குட்டி உண்டாக்கும் சக்தியே இராது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அவை ஏற்றவை அல்ல. எள்ளுப் பாட்டிக்கும் அப்பால் காடு போய்விட்ட குட்டிதான் வீட்டுக்கு ஆகும்.

ஆகவே, "காட்டு ரத்தம் அதிகம், அதனால் விலை அதிகம்" என்று யாராவது சொன்னால் பர்ஸை மூடிக் கொண்டு எழுந்து விடுங்கள். அவர் சொல்வது பொய்யாக இருந்தால் பணம் போகும். மெய்யாக இருந்தால் வம்பு வரும்.

என்ன வம்பு?

சிறுத்தைப் பூனை சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள மிருகம். 1972ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், புலியோடும் யானையோடும் சேர்த்து முதல் அட்டவணையில் வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பக்கம் வயல்களிலும் புதர்களிலும் காணப்படும் துரும்பன் பூனை இன்னும் சிறியது. அதுவும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. இவற்றின் குட்டியைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை ஜெயில். 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

கரும்பு வெட்டும்போதும், தேயிலைக் கொழுந்து பறிக்கும்போதும் இந்தக் குட்டிகள் கண்ணில் படுவது உண்டு. தாய் இரை தேடப் போயிருக்கும். புள்ளிபோட்ட பூனைக்குட்டிக்கு இன்று பட்டணத்தில் என்ன விலை என்று தெரிந்த ஆசாமி அங்கே இருந்தால் என்ன செய்வான்? யோசித்துப் பாருங்கள். பிறந்த இடம் சொல்லாத, தாய் தகப்பன் காட்டாத குட்டியை வாங்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2019 பிப்ரவரியில் பாங்காக்கிலிருந்து வந்த ஒரு பயணியின் பையில், சென்னை விமான நிலையச் சுங்க அதிகாரிகள் ஒரு மாதச் சிறுத்தைக் குட்டியையே கண்டுபிடித்தார்கள். பூனை அல்ல. அசல் சிறுத்தை! அதை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குக் கொண்டு போனார்கள். பைக்குள் சிறுத்தையை வைக்கத் துணிகிறவர்கள் பூனைக்குட்டிக்கா தயங்குவார்கள்?

தாயைப் பார்க்க வேண்டும்

பழைய சென்னைவாசிகளுக்கு மூர் மார்க்கெட் ஞாபகம் இருக்கும். புறா, முயல், கிளி, நாய்க்குட்டி எல்லாம் அங்கே வாங்கலாம். 1985ல் அது தீக்கு இரையானது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பிராட்வே பக்கம் பறவைச் சந்தை பிரபலமாயிற்று. இப்போது சந்தை செல்போனுக்குள் புகுந்து விட்டது. கூண்டும் இல்லை, கடையும் இல்லை. ஒரு படமும் ஒரு நம்பரும்தான்!

நம் நண்பர் அந்த நம்பருக்குப் பேசினார். "வந்து குட்டியையும் தாயையும் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

"எதற்கு சார் வீண் அலைச்சல்? நானே பனகல் பார்க் வாசலுக்குக் கூடையில் கொண்டு வருகிறேன். பணத்தை மட்டும் அனுப்பி வையுங்கள்" என்றது பதில்.

"தாய்?"

"தாய் வேறு ஊரில் இருக்கிறது, சார்."

அதோடு அவர் டெலிபோனை வைத்து விட்டார். நல்ல காரியம் செய்தார்!

35 நாள் குட்டியின் தாய் வேறு ஊரில் இருக்கலாமா? அந்த வயதில் குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். தாய் அருகில் இல்லை என்றால், ஒன்று, குட்டியைப் பாதியில் பிரித்து விட்டார்கள். அல்லது, தாயைக் காட்ட முடியாத நிலையில் வைத்திருக்கிறார்கள்.

யோக்கியமாகப் பூனை வளர்ப்பவர் உங்களை வீட்டுக்கு வரச் சொல்வார். தாயைக் காட்டுவார். தாய் எலும்பும் தோலுமாக இருக்கிறதா, கொழுகொழுவென்று இருக்கிறதா என்று பாருங்கள். அது வளர்ப்பவரின் காலில் வந்து உரசுகிறதா, கண்டு ஓடுகிறதா என்று பாருங்கள். வருஷத்துக்கு எத்தனை ஈற்று என்று கேளுங்கள். மூச்சுவிடாமல் ஈன்று கொண்டிருக்கும் தாய்க்கு உடம்பில் என்ன இருக்கும்? நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூக்கையும் உபயோகியுங்கள். வாசலிலேயே மூத்திர வாடை அடித்தால் பூனைகள் அதிகம், ஆட்கள் குறைவு என்று அர்த்தம். கூண்டுகள் அடுக்கடுக்காக இருந்தால் அது வீடு அல்ல, தொழிற்சாலை.

தகப்பன் பூனை பல சமயம் அதே வீட்டில் இராது. அதில் தப்பில்லை. ஆனால் அதன் படமும், பதிவுச் சான்றும், வைத்தியச் சீட்டும் இருக்க வேண்டும்.

கடையில் வாங்குவதானால், கடைக்காரர் தமிழ்நாடு விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்த சான்றைக் கேளுங்கள். 2018ல் வந்த மத்திய அரசின் விதிப்படி செல்லப் பிராணிக் கடைக்குப் பதிவு கட்டாயம். கேட்க வெட்கப்பட வேண்டாம். ரேஷன் கடையில் கேட்கிறோம், இங்கே கேட்டால் என்ன?

எல்லாவற்றையும்விட ஒரு நல்ல அடையாளம் உண்டு. நீங்கள் அவரைக் கேள்வி கேட்பதுபோல, அவரும் உங்களைக் கேள்வி கேட்பார்! எந்த மாடி? பால்கனிக்கு வலை போட்டிருக்கிறதா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? ஊருக்குப் போனால் பூனையை யார் பார்ப்பார்கள்? இப்படிக் குடைந்து குடைந்து கேட்பவர் தொந்தரவு பிடித்தவர் அல்ல. தன் குட்டி எங்கே போய்ச் சேருகிறது என்று கவலைப்படுகிறவர். "ஒத்து வராவிட்டால் என்னிடமே திருப்பிக் கொடுத்து விடுங்கள், தெருவில் விட்டு விடாதீர்கள்" என்று எழுதியே வாங்கிக் கொள்கிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர் கிடைத்தால் விடாதீர்கள்.

12 வாரம் பொறுங்கள்

குட்டியை எத்தனை நாளில் வாங்கலாம்?

எட்டு வாரத்துக்கு முன்னால் எந்தக் குட்டியையும் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. நல்ல பெங்கால் வளர்ப்பவர்கள் 12 வாரம், 13 வாரம் வரைகூடக் கொடுக்க மாட்டார்கள். காரணம் இருக்கிறது. கடிக்காமல் விளையாடுவது எப்படி, மணல் தட்டில் போவது எப்படி என்பதையெல்லாம் குட்டி தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும்தான் கற்றுக் கொள்கிறது. இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மனிதர் கை பட்டு வளர்ந்தால்தான் பிற்பாடு மனிதரிடம் பயமில்லாமல் பழகும். வளர்ப்பவர் வீட்டில் குழந்தைகள் இருந்தால் மிகவும் விசேஷம்.

தடுப்பூசியும் இந்தக் காலத்தில்தான். எட்டாவது வாரம் முதல் ஊசி. மூன்று வியாதிகளுக்குச் சேர்த்து ஒரே மருந்து. சில வாரம் கழித்து மறு ஊசி. 12 வாரத்துக்கு மேல் வெறிநோய்த் தடுப்பூசி. வெறிநோய் நாய்க்குத்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். பூனைக்கும் வரும். பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் மனிதருக்கும் வரும். வந்தால் பிழைப்பது அரிது. ஊசி போட்ட தேதி, டாக்டரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் உள்ள அட்டையை வாங்காமல் குட்டியை வாங்காதீர்கள்.

இன்னொரு விஷயம். பிறந்த நாலாவது வாரத்தில் பெங்கால் குட்டியின் மேல் சாம்பல் நிறத்தில் நீளமான பூனை மயிர் முளைக்கும். புள்ளிகள் மங்கிவிடும். மூன்று, நாலு மாதம் வரை அப்படித்தான் இருக்கும். காட்டில் குட்டியை எதிரியின் கண்ணிலிருந்து மறைக்க இயற்கை கொடுத்த போர்வை என்று சொல்கிறார்கள். ஆகவே நீங்கள் பார்க்கப் போகும் குட்டி, செல்போன் படத்தில் உள்ளதுபோலப் பளபளவென்று இராது. ஏமாற்றி விட்டார்களோ என்று பயப்பட வேண்டாம்.

உண்மையான ஏமாற்று வேறு. நம் நாட்டுப் பூனைகளிலேயே கோடும் புள்ளியும் உள்ளவை ஏராளம். அவற்றின் குட்டியைக் காட்டி பெங்கால் என்று விற்று விடுகிறார்கள். பெங்கால் பூனையின் புள்ளியை உற்றுப் பார்த்தால் பல இடங்களில் ரோஜாப்பூ வளையம்போல இருக்கும். ஓரம் கறுப்பு, நடுவே பழுப்பு. ஆனால் சின்னக் குட்டியில் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். ஆகவே புள்ளியை நம்பாதீர்கள். பதிவுச் சான்றையும் தாயையும் நம்புங்கள்.

கண்ணுக்குத் தெரியாத வியாதிகள்

இந்த இனத்துக்கென்று சில பரம்பரை வியாதிகள் உண்டு. குட்டியைப் பார்த்தால் தெரியாது. துள்ளி விளையாடும். பிறகு தலைகாட்டும்.

ஒன்று, கண் பார்வை போவது. விழித்திரை சிறுகச் சிறுக அழிந்து, இரண்டு வயதுக்குள் பார்வை ஏறக்குறைய போய்விடும். மற்றொன்று, ரத்தத்தின் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைந்து சோகை பிடிப்பது.

இந்த இரண்டும் ஒரே மாதிரி வருகின்றன. தாயிடமிருந்து ஒரு கெட்ட விதை, தந்தையிடமிருந்து ஒரு கெட்ட விதை, இரண்டும் சேர்ந்தால்தான் வியாதி. ஒன்று மட்டும் இருந்தால் அந்தப் பூனை நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த விதையைத் தன் குட்டிகளுக்குக் கொடுக்கும். விதை உள்ள ஆணையும் விதை உள்ள பெண்ணையும் சேர்த்தால் நாலு குட்டிக்கு ஒன்று என்ற கணக்கில் வியாதியோடு பிறக்கும்.

சேர்ப்பதற்கு முன்பே இதைக் கண்டுபிடித்து விடலாம். பூனையின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். வலியும் இல்லை, ரத்தமும் இல்லை. பூனையின் ஆயுளில் ஒரு முறை செய்தால் போதும். இந்தச் சின்ன வேலையைக்கூடச் செய்யாதவரிடம் ஏன் வாங்க வேண்டும்?

மூன்றாவது, இருதய வியாதி. இருதயத்தின் சதை தடித்துப் போய், ஒரு நாள் பூனை திடீரென்று விழுந்துவிடும். பெங்கால் பூனையில் இதைப் பஞ்சுக் குச்சியால் கண்டுபிடிக்க முடியாது. குட்டி போடும் பூனைகளுக்கு ஆண்டுதோறும் இருதய ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். அந்த அறிக்கையைக் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளித்தால் புரிந்து கொள்ளுங்கள்.

குட்டியை நீங்களும் தூக்கிப் பாருங்கள். கண்ணில் பீளை, மூக்கில் சளி கூடாது. காதுக்குள் காப்பிப் பொடி மாதிரி இருந்தால் அது காதுப் பேன். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை போல் இருந்தால் பூச்சி. வாலைத் தூக்கிப் பாருங்கள். அழுக்கு ஒட்டியிருந்தால் பேதி. பிறகு ஒரு காகிதத்தைச் சுருட்டி உருட்டி விடுங்கள். நல்ல குட்டி பாய்ந்து போய்ப் பிடிக்கும். மூலையில் போய் ஒடுங்குகிற குட்டியைக் கண்டால் நமக்கு இரக்கம் வரும். அதுவும் இயற்கைதான். ஆனால் முதன்முதலாகப் பூனை வளர்க்கிறவர்களுக்கு அது சிரமம்.

வாங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் டாக்டரிடம் காட்டி விடுங்கள். வேப்பேரியில் 1903ல் ஆரம்பித்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. பூனைகளையும் பார்க்கிறார்கள். அப்போதே இரண்டு விஷயம் கேட்டுக் கொள்ளுங்கள். கருத்தடை ஆபரேஷன் எப்போது? தோலுக்கடியில் அரிசி மணி அளவில் வைக்கும் அடையாளச் சிப் உண்டா? மாநகராட்சி உரிமம் பற்றியும் கேட்டு விடுவது நல்லது.

பணம் எப்படிக் கொடுப்பது?

குட்டியை நேரில் பார்க்காமல் ஒரு பைசா அனுப்பக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கையான மோசடி நடக்கிறது. வேடிக்கை என்பது கேட்பவர்களுக்கு. ஏமாந்தவர்களுக்கு அழுகைதான். முதலில் சொற்ப முன்பணம் வாங்குவார்கள். மறுநாள், "குட்டி விமான நிலையத்தில் இருக்கிறது, கூண்டுக்குப் பணம் அனுப்புங்கள்" என்பார்கள். பிறகு இன்சூரன்சுக்கு. பிறகு ஊசிக்கு. கடைசியில், "குட்டி பட்டினியாகக் கிடக்கிறது, நீங்கள்தான் பொறுப்பு" என்று மிரட்டுவார்கள். குட்டியே இராது! படம் வேறு நாட்டில் யாரோ எடுத்த படம். இப்படி நடந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். சைபர் மோசடிக்கென்று அரசாங்கம் வைத்திருக்கும் எண் அது. சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறுவதைத் தடுக்க வழி உண்டு.

தயிர்சாதம் போதுமா?

நம் வீடுகளில் பூனைக்கு என்ன போடுகிறோம்? தயிர்சாதம். கொஞ்சம் பால். சைவ வீடு என்றால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

தெருப் பூனை அதைச் சாப்பிட்டுவிட்டு, இரவில் எலி பிடித்துக் கணக்கைச் சரிசெய்து கொள்ளும். பால்கனிக்கு வலை போட்ட வீட்டில் அடைபட்ட பூனைக்கு எலி எங்கே கிடைக்கும்?

பூனை மாமிசம் தின்னப் பிறந்த பிராணி. மாமிசத்தில் டாரின் என்ற சத்து இருக்கிறது. பூனையின் உடம்பு அதைப் போதிய அளவு தானே செய்து கொள்ளாது. அது குறைந்தால் கண் கெடும், இருதயம் வீங்கும். 1987ல் அமெரிக்காவில் பால் பயான் என்ற கால்நடை டாக்டர் இருதய வியாதிக்கு இதுவும் காரணம் என்று கண்டுபிடித்த பிறகுதான், பூனை உணவுத் தயாரிப்பாளர்கள் அந்தச் சத்தைக் கூட்டினார்கள். சமையலறையில் மீனும் கோழியும் நுழையக் கூடாது என்ற வீட்டில், குறைந்தபட்சம் பூனைக்கென்று விற்கும் உணவாவது நுழைய வேண்டும். அதுவும் மாமிசத்தில் செய்ததுதான். அதற்குப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்றால் பூனை வாங்காமல் இருப்பதே நல்லது. முயல் வளர்க்கலாமே!

பாலும் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு ஒத்துக் கொள்ளாது. பேதியாகும். வெங்காயமும் பூண்டும் ரத்தத்தைக் கெடுக்கும். ஆகவே சாம்பார் சாதமும் கூடாது. காய்ச்சலுக்கு நாம் போட்டுக் கொள்ளும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்று போதும், பூனையின் உயிர் போக. நாய்க்கு உண்ணி போகத் தடவும் மருந்துகளிலும் சில பூனைக்கு விஷம். லில்லிப் பூவின் மகரந்தம்கூட ஆகாது.

பெங்கால் பூனை சும்மா படுத்துத் தூங்கும் பூனை அல்ல. அலமாரி மேல் ஏறும். குழாயைத் திறந்தால் தண்ணீரில் கை வைக்கும். வேளைக்கு விளையாட ஆள் வராவிட்டால் கத்தும். அலுத்துப் போனால் திரைச்சீலையில் மூத்திரம் பெய்யும். பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு இது வேண்டாம். தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு மாடியிலிருந்து குதித்தால், உஸ்மான் ரோடு நெரிசலில் எங்கே போய்த் தேடுவீர்கள்? ஆயுளோ 12 முதல் 16 வருஷம். ஏழாம் வகுப்புப் பெண் காலேஜ் முடித்துக் கல்யாணமாகிப் போன பிறகும் பூனை இருக்கும். யார் பார்ப்பது?

1959ல் ஒரு மழை

இதையெல்லாம் கேட்டுப் பாட்டி பக்கம் சாய்கிறவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கும் தியாகராய நகரிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது.

1959ம் ஆண்டு. நல்ல மழை. தியாகராய நகர்த் தெருக்களில் வெள்ளம். அதில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் கேப்டன் வி. சுந்தரம் என்பவர் வீட்டுக்கு எடுத்து வந்தார். அவர் விமானி. அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி! அந்த வீட்டில் ஆரம்பித்ததுதான் 'புளூ கிராஸ்' சங்கம். 1964லேயே தெரு நாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்யும் வேலையைத் தொடங்கியவர்கள் இவர்கள். கிண்டி வேளச்சேரி ரோட்டில் உள்ள அவர்களுடைய காப்பகத்தில் நாய்களோடு பூனைகளும் இருக்கின்றன. தகுந்த குடும்பம் வந்தால் வளர்க்கக் கொடுக்கிறார்கள். அங்கும் கேள்வி கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

சரி, அந்த மாடி வீட்டு விவாதம் என்ன ஆயிற்று?

நம் நண்பர் நாலு பேரை விசாரித்தார். மூன்று பேர் தாயைக் காட்டவில்லை. நாலாவது ஓர் அம்மாள். நகரத்தின் மறுகோடியில் இருக்கிறார். பூனையைக் காட்டினார். சான்றுகளைக் காட்டினார். கண், ரத்தச் சோதனைக் காகிதங்களைக் காட்டினார். இருதய ஸ்கேனையும் காட்டினார். ஆனால் குட்டியைக் கொடுக்கவில்லை! "இப்போது ஆறு வாரம்தான் ஆகிறது. இன்னும் ஏழு வாரம் போகட்டும். அதற்குள் பால்கனிக்கு வலை போட்டுப் படம் அனுப்புங்கள், சார். பார்த்த பிறகு சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டார். முன்பணமும் வாங்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வலைக்காரர் வந்து அளவு எடுத்துக் கொண்டு போனார். பெண் காலண்டரில் நாட்களை எண்ணிக் கோடு போட்டுக் கொண்டிருக்கிறாள். பாட்டியும் இப்போது பேச்சில் கலந்து கொள்கிறார்.

"அதற்கு மீன் வேண்டுமாமே? பால்கனிக்கு அப்பால் இந்தப் பக்கம் வரக் கூடாது. தனித் தட்டு, தனிக் கரண்டி. சொல்லி விட்டேன்!"